வெளியே தள்ளப்படும் வெப்பம்: ஏசியும் இல்லறத்தார் அறமும்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுவதே அதன் வேலை. ஸ்ப்ளிட் ஏசியில் சுவரில் மாட்டிய இண்டோர் யூனிட்டும், மொட்டைமாடியிலோ வெளிச்சுவரிலோ இருக்கும் அவுட்டோர் யூனிட்டும் இரண்டு செம்புக் குழாய்களால் இணைந்திருக்கின்றன. குழாய்களுக்குள் சுற்றிவரும் குளிர்பதனப் பொருளைப் பேச்சுவழக்கில் ‘கேஸ்’ என்கிறார்கள். அது உள்ளே ஆவியாகும்போது அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி மேலும் சூடாக்கி வெளியே அனுப்ப, அங்கே தன் வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. 1.5 டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5.2 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது; அதற்காகச் சுமார் 1.5 கிலோவாட் மின்சாரத்தைச் செலவிடுகிறது. அந்த மின்சாரமும் முடிவில் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஆகவே தெருப்பக்கம் வெளியேறுவது இரண்டும் சேர்ந்த 6.7 கிலோவாட். தன் வயலில் தேங்கிய நீரை வரப்பை வெட்டி அடுத்த வயலில் விடுவதைப் போன்ற செயல் இது. விடும்போது இன்னும் கொஞ்சம் நீரையும் சேர்த்தே விடுகிறது.

ஒரு வீட்டின் அளவில் இது யாருக்கும் தெரியாது. நகரத்தின் அளவில் தெரிகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸ் நகரைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, ஏசிகள் வெளியிடும் வெப்பத்தால் நகரின் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியசுக்கும் மேல் உயரக்கூடும் என்று மாதிரிக் கணக்கீடுகளின் வழியே காட்டியது. இரவில் ஏறும் அந்த ஒரு டிகிரியைச் சுமப்பவர்களில் ஏசி இல்லாதவர்களும் உண்டு. எனவே மின்கட்டணத்தைப் பற்றிய கணக்குக்கு முன்னால் அறத்தைப் பற்றிய கேள்வி ஒன்று நிற்கிறது: தன் உடம்பின் இதத்துக்காகப் பிறர் மூச்சுவிடும் காற்றைச் சூடாக்க ஒருவருக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எவ்வளவு, எந்தக் கட்டுப்பாட்டோடு?

துறவைப் போற்றும் மரபுகளின் முதல் பதில் பொறுத்துக்கொள் என்பது. குளிரும் வெப்பமும் புலன்களின் தொடர்பால் வந்து போகின்றவை, அவற்றைத் தாங்கிக்கொள் என்று பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்கிறான். சமண முனிவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காற்றுக்கும் தீக்கும் உயிர் உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே விசிறிகூட வீசிக்கொள்வதில்லை. மதுரையைச் சுற்றிய குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் அவர்களுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் தமிழி என்னும் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளோடு இன்றும் இருக்கின்றன. குகையின் நெற்றியில் நீண்ட விளிம்பு ஒன்றைச் செதுக்கி, மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி செய்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த குளிர்ச்சி பாறை தந்தது. அதற்காக வெளியே எவருடைய காற்றும் சூடாகவில்லை.

ஆனால் முனிவரின் விதியை இல்லறத்தார் மேல் சுமத்தக் கூடாது என்பதைச் சமணமே தெளிவாகச் சொல்கிறது. ஏசியைப் பற்றிய கேள்விக்கு அந்த மரபின் இல்லற ஒழுக்கம் தரும் கருவிகள் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகின்றன. சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பிரிக்கிறார்கள். கொல்ல வேண்டும், துன்புறுத்த வேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், கூட்டுதல், கட்டுதல் போன்ற வீட்டு வேலைகளில் தவிர்க்க இயலாமல் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். ஏசியின் வெப்பம் வெளியேறுவது இரண்டாம் வகை. அது முற்றிலும் குற்றமற்றது என்று எவரும் சொல்ல முடியாது. அதற்காகக் கருவியையே தொடக் கூடாது என்றும் விதி இல்லை.

அந்த இரண்டாம் வகையைக் குறைப்பதற்குச் சமணம் இல்லறத்தாருக்கு வகுத்த நோன்புகளில் இரண்டு இங்கே முதன்மையானவை. ஒன்று போகோபபோக பரிமாணம்: துய்க்கும் பொருள்களுக்குத் தானே ஓர் அளவு வைத்துக்கொள்வது. மற்றொன்று அனர்த்த தண்ட விரதம்: யாருக்கும் எந்தப் பயனும் தராத தீங்கை விலக்குவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவற்றை விரித்துச் சொல்கிறது. அதை ஒட்டித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றைப் பேசுகிறது. இவ்விரண்டுக்கும் அடித்தளமாகக் குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் வைக்கும் கருத்து ஒன்று இருக்கிறது. வந்தவாசிக்கு அருகில் உள்ள பொன்னூர் மலையில் தவம் செய்தவர் என்று மரபு போற்றும் ஆசான் அவர். உயிர் செத்ததா பிழைத்ததா என்பது இம்சையின் அளவுகோல் அல்ல, நடந்துகொண்டவனின் கவனமின்மையே அளவுகோல் என்பது அவர் முடிவு. கவனமின்மையைச் சமணம் பிரமாதம் என்கிறது. கவனத்தோடு நடப்பவனால் தவிர்க்க இயலாமல் நேரும் தீங்கு அவனைக் கட்டாது. கவனமற்று நடப்பவன் தற்செயலாக எதையும் மிதிக்காவிட்டாலும் குற்றவாளியே. ஒரு கருவியைப் பராமரிப்பது எப்படி அறப்பிரச்சினை ஆகும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு எங்கும் கிடைப்பது அரிது.

அளவு வைப்பதற்கு முன், தேவை எது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மனித உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. வெளிக்காற்று அதை எட்டும்போது வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. அந்த வழியும் அடைபடும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டும் நிலையை மனிதனால் தாங்க இயலாத எல்லை என்று கணக்கிட்டிருந்தார்கள். உடல்நலமுள்ள இளைஞர்களை வைத்துச் செய்த பிற்காலச் சோதனைகளில் எல்லை அதற்குப் பல டிகிரி கீழேயே வந்துவிட்டது. முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயநோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் இன்னும் முன்னதாகவே தளர்வார்கள். 1995 ஜூலையில் சிகாகோ நகரில் வெப்ப அலையால் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். வீட்டில் ஓடும் ஏசி இருந்தவர்கள் பெரிதும் தப்பினார்கள் என்பதை அப்போது நடந்த ஆய்வு உறுதிசெய்தது. 2003இல் பிரான்சு சுமார் 15,000 பேரை இழந்தது. வெப்பத்தைப் பொறுத்துக்கொள்வது ஒரு நோன்பு என்றால், அதைத் தானே விரும்பி ஏற்பவருக்குத்தான் அது நோன்பு. படுக்கையில் கிடக்கும் எண்பது வயதுப் பாட்டியின் அறையில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது நோன்பாகாது. அவருக்கு இழைக்கும் தீங்கு அது.

தேவையை ஒப்புக்கொண்ட பிறகு வருவது அளவு. ரிமோட்டில் தெரியும் எண்தான் இல்லறத்தார் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் பரிமாணம். இந்தியாவில் ஆற்றல் திறன் செயலகம் 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் அனைத்தும் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று விதித்தது. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது அதன் மதிப்பீடு. கோடையில் 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலோர் உடம்புக்கு அது போதும். நகரும் காற்று தோலின் ஈரத்தை விரைவாக ஆவியாக்குவதால் உண்மை வெப்பநிலையைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்ததாகவே உடல் உணர்கிறது. புதிய வகை பிஎல்டிசி மின்விசிறி ஒன்று 30 வாட் அளவில்தான் எடுக்கிறது.

16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. சாதாரண ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். எண்ணைக் குறைப்பதால் அது வேகமாக ஓடாது, நெடுநேரம் ஓடும். இன்வெர்ட்டர் ஏசி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் என்றாலும், சூடான அறையில் தொடங்கும்போது 24இல் வைத்தாலும் ஏறத்தாழ முழு வேகத்தில்தான் ஓடும். 16இல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் பழக்கத்தால் எவருக்கும் பயன் இல்லை. வெளியே வெப்பமும் உள்ளே நடுக்கமுமாக இரு பக்கமும் இழப்பு. சமணம் அனர்த்த தண்டம் என்று பெயரிட்டது இதைத்தான்.

அளவைப் பற்றிப் பேசும்போது ‘டன்’ என்ற அலகையும் புரிந்துகொள்வது நல்லது. இரண்டாயிரம் பவுண்டு எடையுள்ள பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம் ஒரு டன். அதாவது சுமார் 3.5 கிலோவாட். குளிரைப் பனிக்கட்டியாக வாங்கிய காலத்தின் கணக்கு அது. அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் சென்னைக் கடற்கரையில் இன்னும் நிற்கிறது. 1897இல் விவேகானந்தர் தங்கிப் பேசியதால் அது இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய டன் வாங்குவது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். வேகம் மாறாத சாதாரண ஏசி அறையின் தேவையைவிடப் பெரிதாக இருந்தால் சில நிமிடங்களில் வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். தேவையைவிடச் சிறியதோ ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அறையின் பரப்போடு மேற்கு வெயில் விழுகிறதா, மேலே மொட்டைமாடியா, எத்தனை பேர் படுப்பார்கள் என்பதையும் சேர்த்தே டன்னைத் தீர்மானிக்க வேண்டும்.

பயனற்ற தீங்குகள் பெரும்பாலும் சுவரிலும் சன்னலிலும் ஒளிந்திருக்கின்றன. கதவின் அடியில் விரலளவு இடுக்கு இருந்தால் கீழே இறங்கும் குளிர்ந்த காற்று அதன் வழியே வெளியேறிவிடும். மேற்குச் சன்னலில் விழும் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறைப்பது நல்லது. உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டிருக்கும். மாடித் தளத்தில் வெள்ளைப் பூச்சு அடிப்பது, கூரை நிழலுக்குக் கீற்று வேய்வது ஆகியவை ஏசியின் வேலையைக் குறைக்கும் பழைய முறைகள். ஆள் இல்லாத அறையில் ஓடும் ஏசிக்கு எந்த நியாயமும் இல்லை. இரவு முழுவதும் ஒரே எண்ணில் வைக்க வேண்டிய தேவையும் இல்லை: ஸ்லீப் பட்டனை அழுத்தினால் நேரம் செல்லச் செல்ல எண் சிறிது சிறிதாக ஏறும், டைமர் வைத்தால் விடியலுக்கு முன் தானே அணையும்.

அடுத்தது கவனம். திகம்பர முனிவரிடம் உள்ள பொருள்கள் மிகச் சில: மயிற்பீலி, கமண்டலம், ஒரு நூல். எதையும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் அங்கே எறும்பு இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, பீலியால் மெல்லத் தடவிவிட்டே வைக்கிறார். இந்த ஒழுக்கம் ஆதான நிக்ஷேபண சமிதி எனப்படும். பொருளைப் பார்ப்பதும் துடைப்பதும் அங்கே வழிபாட்டுக்கு இணையான கடமை. இல்லறத்தாரிடம் பொருள்கள் மிகுதி. அவற்றைப் பார்க்க வேண்டிய கடமையும் அந்த அளவுக்கு மிகுகிறது.

ஏசியில் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர். இண்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலைபோன்ற இரண்டு சட்டங்கள் இருக்கும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். பத்து நிமிட வேலை. தூசி அடைத்த ஃபில்டர் காற்றைத் தடுக்கிறது. காற்று குறைந்தால் பின்னால் உள்ள ‘காயில்’ என்னும் குழாய்ச்சுருள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அதன் மேல் பனி படியும். அறை குளிராது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், பனி உருகும்போது நீர் சுவரில் வழியும். ‘ஏசி தண்ணி ஒழுகுது’ என்று மெக்கானிக்கை அழைக்கும் பல வீடுகளில் கோளாறு கழுவாத ஃபில்டராகவே இருக்கும். மற்றொரு காரணம் டிரைன் பைப்பில் பாசி அடைப்பது. அந்தக் குழாய் சரிவாக இறங்கி ஒரு வாளியிலோ வடிகாலிலோ முடிய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் இரவெல்லாம் சொட்டும் நீர் அச்சுவரைப் பாழாக்கும். வாளியில் பிடித்த நீர் தரை துடைக்க உதவும், குடிக்க உதவாது. அதைத் தேங்கவிட்டால் கொசு முட்டையிடும்.

அவுட்டோர் யூனிட்டை மக்கள் மறந்துவிடுகிறார்கள், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பதால். வெப்பம் வெளியேறும் வாயில் அதுதான். அதன் தகடுகளில் தூசி படிந்தால், அல்லது சுவரோடு ஒட்டி நெருக்கமாக மாட்டியிருந்தால், வெளியேற வேண்டிய வெப்பம் அங்கேயே சுழலும். அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசர் அதிக அழுத்தத்தில் உழைத்துக் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, கோடைக்கு முன், மெக்கானிக்கை வரவழைத்து வாட்டர் சர்வீஸ் செய்வது தேவை. கடலோர ஊர்களில் உப்புக்காற்று தகடுகளை அரிப்பதால் இன்னும் அடிக்கடி தேவைப்படும். அவுட்டோர் யூனிட் எந்தத் திசையை நோக்கி ஊதுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. எதிர்வீட்டுச் சன்னலுக்கு நேராக, நடைபாதையில் போகிறவர் முகத்துக்கு நேராக, கீழ்வீட்டு பால்கனிக்கு மேலே அதைப் பொருத்துவதற்கு எந்தத் தேவையும் இல்லை. இடம் தேடிச் சில அடி குழாயைக் கூட்டினால் வெப்பம் எவர் மேலும் நேரே அடிக்காத மொட்டைமாடிக்குப் போய்விடும்.

மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த அவுட்டோர் யூனிட்டில் பல்லி, குளவி, அணில், புறா குடியேறுவதுண்டு. பல்லி மின்பலகையின் குறுக்கே விழுந்தால் அதுவும் சாகும், பலகையும் எரியும். பங்குனியில் முதல்முறை சுவிட்சைப் போடுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு உள்ளே பார்ப்பது, கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை சில நாள் காத்திருப்பது, பிறகு இடுக்குகளில் வலை அடிப்பது ஆகியவை சமண முனிவர் பீலியால் செய்வதற்கு மிக நெருங்கிய செயல்கள்.

அறைக்குள்ளும் உயிர்கள் இருக்கின்றன. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. மூடிய அறையில் நான்கு பேர் இரவெல்லாம் தூங்கினால் கரியமில வாயு ஏறும். காலையில் தலை கனக்கும். படுப்பதற்கு முன்னும் எழுந்த பின்னும் சன்னலைச் சிறிது நேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த மூடிய அறையில் கொசுவத்திச் சுருளையோ சாம்பிராணியையோ புகையவிட்டால் புகை எங்கும் போகாது. குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகும்.

கேஸைப் பற்றிய பகுதியில் அறக் கேள்வி ஆழமாகிறது. 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் சிஎஃப்சி வகைக் குளிர்பதனப் பொருளை உருவாக்கினார்கள். அதற்கு முன் பயன்பட்ட அமோனியாவும் கந்தக டையாக்சைடும் கசிந்தால் வீட்டாரைக் கொல்லக்கூடியவை. புதிய பொருள் நஞ்சற்றது, தீப்பிடிக்காதது. 1930இல் வேதியியலாளர் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். உயிரைக் காக்க வந்த அந்தப் பொருள் வானில் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினாவும் ரௌலண்டும் 1974இல் எழுதினார்கள். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் சரிந்திருப்பது 1985இல் வெளியானது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. குந்தகுந்தரின் அளவுகோலில் 1928ஆம் ஆண்டின் மிட்ஜ்லி குற்றவாளி அல்லர். அன்று அறியக்கூடியதை அறிந்து கவனத்தோடு செய்தார். 1974க்குப் பிறகு அதை அறிந்தும் தொடர்ந்தவர்களின் நிலை வேறு. அறிவு வந்த நாளிலிருந்து கவனத்தின் எல்லையும் விரிகிறது.

அதே அளவுகோல் இன்று வீடுகளுக்கு வந்திருக்கிறது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 ஓசோனையும் அரிக்கிறது, புவியையும் சூடாக்குகிறது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-410ஏ சுமார் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இப்போது பரவியுள்ள ஆர்-32இன் எண் 675. புரொப்பேனாகிய ஆர்-290இன் எண் மிகச் சிறியது, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற பொருள்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா அதை 2021இல் உறுதிசெய்தது. நம் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், ஒரு கிலோ ஆர்-410ஏ கசிவது ஏறக்குறைய மூவாயிரம் யூனிட் மின்சாரத்தை எரிப்பதற்குச் சமம். பல வீடுகளில் ஏசி ஓராண்டில் எடுப்பதைவிட அது அதிகம்.

ஆகவே ‘வருசா வருசம் கேஸ் போடணும்’ என்ற வழக்கம் தவறான நம்பிக்கை என்பதோடு நிற்காமல் பெருந்தீங்காகவும் ஆகிறது. குளிர்பதனப் பொருள் எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாயில் ஆண்டுக்கணக்கில் அதே அளவில் சுற்றும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டு அடைக்காமல் நிரப்புவது, நிரப்பியதை எல்லாம் வானத்துக்கு அனுப்புவதாகும். சோப்பு நுரை தடவியோ நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ கசிவைக் கண்டுபிடித்து, வேக்குவம் போட்டு ஈரத்தை வெளியேற்றி, எடைபார்த்து நிரப்புவதே முறை.

வீட்டுக்காரர் தானே எதையும் காற்றில் விடவில்லை, மெக்கானிக்தானே திறந்துவிட்டார் என்று சொல்லலாம். சமணம் இந்த வாசலையும் அடைத்திருக்கிறது. தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது ஆகிய மூன்றும் செயலே. மலிவான, அவசரமான வேலையைக் கேட்டு வாங்கியவர் செய்விப்பவர். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடும்போது பக்கத்தில் பேசாமல் நின்றவர் உடன்பட்டவர். அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரிக்கும் இது பொருந்தும். தன் ஒருவனுடைய பங்கு மிகச் சிறிது என்ற வாதத்தை இந்த மூன்று வகையும் வலுவிழக்கச் செய்கின்றன: பங்கு சிறிதாகலாம், அது தன் பங்கு என்பது மாறாது.

செய்விப்பவரின் கடமை மெக்கானிக்கின் உயிரில் மிகக் கூர்மையாகிறது. மூன்றாம் மாடிச் சன்னல் விளிம்பில் கட்டுக்கயிறு இல்லாமல் ஒரு காலை ஊன்றி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றும் இளைஞர்களை நகரத்தில் எங்கும் காணலாம். பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏற வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பும், அதற்காக ஒரு நாள் காத்திருக்கும் பொறுமையும் அழைத்தவருக்கு வேண்டும். புதிதாகப் பொருத்தும்போதே கைக்கு எட்டும், கால் ஊன்றும் இடத்தைத் தேர்ந்தால் அடுத்து வரும் அத்தனை பேரும் காப்பாற்றப்படுவார்கள். கசிவுச் சோதனைக்கு நைட்ரஜனுக்குப் பதில் வெல்டிங் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால், கம்ப்ரசர் எண்ணெயோடு அது சேர்ந்து வெடிக்கும். மெக்கானிக்கின் கையில் எந்த சிலிண்டர் இருக்கிறது என்று கேட்பது வீண் தலையீடு அல்ல. ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் வேலை நடக்கும் இடத்தில் பீடி, விளக்கு, அடுப்பு இருக்கக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

மின்சாரத்தில் விதிகள் எளியவை, மீறுவோர் மிகுதி. 1.5 டன் ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி இணைப்பு வேண்டும். பொதுவாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் எம்சிபி சுவிட்சும் போடுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்சில் ஏசியைச் செருகுவது தீவிபத்துக்கு நேர் வழி. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீசியன் அளந்து சொல்ல வேண்டும். பிளக் சூடாவது, கருகிய வாசனை, எம்சிபி அடிக்கடி விழுவது ஆகியவற்றைக் கண்டால் ஏசியை நிறுத்தி வைப்பது தவிர வேறு வழி இல்லை. பெரிய எம்சிபியை மாற்றிப் போட்டு எச்சரிக்கையை வாயடைக்கச் செய்யக் கூடாது. ஃபில்டரைக் கழற்றும்போது ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்சிபியையும் இறக்க வேண்டும். அவுட்டோர் யூனிட்டின் கெப்பாசிட்டரில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சிறிது நேரம் மின்னேற்றம் நிற்கும். அந்த மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

இத்தனையும் செய்தாலும் வெப்பம் வெளியே போகத்தான் செய்யும். எஞ்சும் அந்தக் கடனைத் தீர்க்கத் தமிழ்நாட்டில் பழைய வழி ஒன்று உண்டு. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. முப்பத்திரண்டு அறங்களில் தண்ணீர்ப் பந்தலும் ஒன்று. அங்கே குளிர்ச்சி வழிப்போக்கர் எல்லோருக்கும் உரிய பொதுப்பொருள். கதவும் பூட்டும் அதற்கில்லை. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணாநகரில் உணவு விநியோகம் செய்வோர் போன்ற தொழிலாளர்களுக்கென ஏசி ஓய்வறை திறந்தது. பந்தலின் இன்றைய வடிவம் என்று அதைச் சொல்லலாம். வீட்டு அளவில் இதற்கு ஈடானவை கடினமானவை அல்ல: அவுட்டோர் யூனிட் ஊதும் தெருவில் ஒரு வேம்பு, வாசலில் ஒரு பானைத் தண்ணீர், உச்சி வெயிலில் வந்த கூரியர்காரரையும் வேலைக்கார அம்மாவையும் குளிர்ந்த அறையில் சற்று உட்கார வைப்பது, மாடியில் தனியாக இருக்கும் முதியவரை வெப்ப அலை நாளில் கீழே அழைத்து வருவது.

ஏசியின் ஆயுள் முடியும்போது கடைசிக் கடமை வருகிறது. பழைய இரும்புக் கடைக்காரர் செம்புக் குழாயை வெட்டும் நொடியில் உள்ளே இருக்கும் கேஸ் முழுவதும் காற்றில் கலந்துவிடும். பத்தாண்டுகள் ஃபில்டர் கழுவிச் சேர்த்த நன்மையில் பெரும்பகுதி அந்த ஒரு வெட்டில் போய்விடும். கழற்றுவதற்கு முன் மெக்கானிக் பம்ப் டவுன் செய்து கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் அடைத்து வால்வுகளை மூட வேண்டும். பிறகு அது மீட்புச் சிலிண்டருக்கு மாற்றப்பட வேண்டும். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன் கீழ் ஏசியும் வருகிறது. பழையதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கு அவை தருகின்றன. புதியது வாங்கும்போது பழையதை மாற்றிக்கொள்ளும் கடைக்காரரிடம், அது எங்கே போகிறது, கேஸை எடுக்க ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டு, விடை திருப்தியாக இல்லையென்றால் வேறு கடைக்குப் போகலாம்.